ஒரே போர்டில் இரண்டு ஆட்டம்

திரைக்குள் உலகங்கள் – 12

சென்ட்ரலில் இருந்து கிளம்பும் ரயில் வேகம் பிடிப்பதற்குள் வந்துவிடும் நிலையம் பேசின் பிரிட்ஜ். அரக்கோணம் பாதையும் கும்மிடிப்பூண்டி பாதையும் இங்கேதான் பிரிகின்றன. அரக்கோணம் பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் வியாசர்பாடி ஜீவா. 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலக கேரம் பட்டம் வென்ற இளவழகி அந்த வியாசர்பாடிக்காரர். வடகிழக்கே போனால் புதுவண்ணாரப்பேட்டை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா அங்கே வளர்ந்தவர், ஆட்டோ ஓட்டுநரின் மகள். 1991, 1995 என முதல் இரண்டு உலகப் பட்டங்களையும் வென்ற மரிய இருதயமும் சென்னைக்காரர். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் பிறந்ததும் இதே ஊரில்தான்.

ஆன்லைன் விளையாட்டுகளின் வரலாற்றில் கேரம் போர்டுக்கு என்ன வேலை? இந்த வாரம் பார்க்கப்போகும் சண்டை கணினி உலகில் இருபத்தைந்து வருடமாக ஓய்ந்தபாடில்லை. பொழுதுபோக்காக ஆடுகிறவருக்காக விளையாட்டைச் செய்வதா, உயிரைக் கொடுத்து ஆடுகிறவருக்காகச் செய்வதா என்பதே அந்தச் சண்டை. வடசென்னைத் தெருமுனைகளில் அதற்கு ஒரு விடை ரொம்ப காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் டிரம்மின் மேல் போர்டு ஏறும். நாலு பேர் உட்கார்ந்து பாயிண்ட் ஆட்டம் ஆடுவார்கள். கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. எந்தக் காயை யார் போட்டாலும் அவர் கணக்கில் சேரும். ஒன்பது வயதுப் பையன் ரெண்டு கறுப்பு போட்டால் அவனுக்கும் 20 இருக்கிறது, ஆட்டம் முடியும்வரை அவனுக்கும் முறை வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே போர்டில், அதே போரிக் பவுடரில், கிளப் ஆட்டக்காரர்கள் இருவர் சிங்கிள்ஸுக்கு உட்காருவார்கள். இப்போது சட்டம் வேறு. அவரவர் நிறத்தை மட்டுமே போட வேண்டும். ரெட்டுக்கு ஃபாலோ போட்டே ஆக வேண்டும், அதற்கு மூன்றே புள்ளி. 25 புள்ளி அல்லது எட்டு போர்டில் ஆட்டம் முடியும். முதல் அடியில் தொடங்கி கை மாறாமல் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் இறக்கி முடித்தால் அது ஒயிட் ஸ்லாம். அதற்குப் பல வருட உழைப்பு வேண்டும். பாயிண்ட் ஆட்டம் ஆடிய பையன் எழுந்து போகாமல் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

74 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றுதான். அதில் இரண்டு ஆட்டங்கள் நடக்கின்றன, ஒன்றை ஆடுகிறவர் கண்ணில் மற்றது படுகிறது. ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம்களைச் செய்தவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேரக் கோடிக்கணக்கான டாலர்களும் பல வருடங்களும் பிடித்தன. வந்தவர்களில் சிலர் அங்கே நிலைக்கவும் இல்லை.

சென்ற இதழில் அல்டிமா ஆன்லைன் 2000-ல் தன் உலகை அப்படியே நகலெடுத்து, கொலைக்கு அனுமதியுள்ள ஃபெலுக்கா என்றும் பயமில்லாமல் உலவும் ட்ராம்மெல் என்றும் பிரித்த கதையைப் பார்த்தோம். அது வேட்டையாடுகிறவர், வேட்டையாடப்படுகிறவர் இடையே எழுந்த பிளவு. அதைவிட ஆழமான இன்னொரு பிளவு அதற்கு ஒரு வருடம் முன்பே, 1999 மார்ச்சில் வெளியான எவர்குவெஸ்ட்டில் தொடங்கிவிட்டது.

எவர்குவெஸ்ட்டில் செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளிகள் குறையும். உடைமை எல்லாம் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். ஆட்டக்காரர் வெறுங்கையோடு வேறோர் இடத்தில் உயிர்த்து, தன்னைக் கொன்ற அரக்கர்கள் நடுவே ஓடிப்போய்ப் பிணத்தைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு தவறு அன்றைய மாலையையே விழுங்கிவிடும். பெரிய டிராகன்களோ சில நாட்களுக்கு ஒரு முறைதான் தோன்றும். தோன்றுவது நள்ளிரவானாலும் முதலில் கூட்டம் சேர்த்த குழுவுக்கே அது. எனவே தூக்கத்தில் எழுப்பிக் கூப்பிடும் ஏற்பாடு குழுக்களுக்குள் வந்தது.

இந்த ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நிக் யீ, சராசரியாக வாரம் 22 மணி நேரம் ஆடுகிறார்கள் என்று கண்டார். சராசரியே அது என்றால் உச்சியில் இருந்தவர்களுக்கு விளையாட்டு இரண்டாவது வேலை. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978-ல் தொடங்கிய முதல் மட் விளையாட்டை (பலர் சேர்ந்து எழுத்து வழியாக ஆடும் உலகம்) வளர்த்தெடுத்த ரிச்சர்ட் பார்ட்டில், 1996-ல் ஆட்டக்காரர்களைச் சாதிப்பவர், சுற்றிப் பார்ப்பவர், பழகுபவர், அடிப்பவர் என்று நாலாக வகுத்திருந்தார். விருப்பத்தை வைத்து வகுத்தது அது. நேரத்தை வைத்துப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் இரண்டே வகை. தன் நேரம் தன் கையில் இருப்பவர், இல்லாதவர்.

வடசென்னையில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இந்த வாரம் காலை, அடுத்த வாரம் இரவு. செவ்வாய், வியாழன், ஞாயிறு எட்டு மணிக்குத் தவறாமல் வா என்று கேட்கும் எந்த ஆட்டத்திலும் அவரால் சேர முடியாது. அவர் விரல் எவ்வளவு வேகமானது, மூளை எவ்வளவு கூர்மையானது என்று யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. வாசலிலேயே கணக்கு முடிந்துவிடும். பொழுதுபோக்காக ஆடுகிறவர் கேஷுவல், உயிரைக் கொடுத்து ஆடுகிறவர் ஹார்ட்கோர் என்ற பிரிவினையில் திறமையை விட நேரமே அதிகம் பேசியது. விளையாட்டுத் துறை இதை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

ஒப்புக்கொள்ளத் தொடங்கியது பிளிஸார்ட் நிறுவனம். 2004 நவம்பர் 23 அன்று வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்குள் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. ஊருக்குள்ளோ சத்திரத்திலோ வந்து லாக்-அவுட் செய்தால் கதாபாத்திரம் ஓய்வெடுக்கும். எட்டு மணி நேர ஓய்வுக்கு ஒரு லெவலில் இருபதில் ஒரு பங்கு அளவு சலுகை சேரும். அது தீரும்வரை அரக்கரை அடித்தால் கிடைக்கும் அனுபவப் புள்ளி இரட்டிப்பு. அதிகபட்சம் ஒன்றரை லெவல் வரை சேர்த்துவைக்கலாம். வேலைக்குப் போய், பிள்ளையைப் பார்த்து, வாரக்கடைசியில் மட்டும் வருகிறவர் நாள் முழுக்க ஆடுகிறவரிடம் ஒரேயடியாகப் பின்தங்காமல் இருக்க இது கைகொடுத்தது.

இதன் முன்கதையும் சுவையானது. சோதனைக் கட்டத்தில் இதே ஏற்பாடு தலைகீழாக இருந்தது. தொடர்ந்து சில மணி நேரம் ஆடினால் கதாபாத்திரம் களைத்துப்போகும், வரும் புள்ளி பாதியாகும். சோதித்தவர்கள் கொதித்துப் போனார்கள். வடிவமைப்பாளர்கள் பாதியை முழுசு என்றும், முழுசை இருநூறு சதவீதம் என்றும் பெயர் மாற்றி வைத்தார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான். ஆனால் அதிகம் ஆடுகிறவரைத் தண்டிப்பதாகத் தெரிந்த ஏற்பாடு, போய்விட்டு வருகிறவரை வரவேற்பதாக மாறியது. இந்தத் துறையின் நுட்பமான வேலைகளில் ஒன்றாக இதைத் தயங்காமல் சொல்லலாம். ஒருவரிடம் எதையும் பறிக்காமல் இன்னொருவருக்கு இடம் உண்டாக்கியது அது.

லெவல் 60 வரை இந்தத் தயவு செல்லும். அதற்கு மேல் பழைய எவர்குவெஸ்ட் காலம்தான். மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்குள் நுழைய நாற்பது பேர் ஒரே நேரத்தில் வேண்டும். அதன் அரசன் ராக்னரோஸ் முதன்முறை வீழ்ந்தது 2005 ஏப்ரல் 25 அன்று. விளையாட்டு வெளியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2006 ஜூனில் திறந்த நாக்ஸ்ராமாஸ் கோட்டை இன்னும் கடினம். பல கலைஞர்கள் மாதக்கணக்கில் வரைந்து கட்டிய அந்தக் கோட்டையின் கடைசி அறையைச் சந்தா கட்டியவர்களில் மிகச் சொற்பமானவர்களே கண்ணால் பார்த்தார்கள். மற்ற எல்லோரும் மாதாமாதம் கட்டிய பணத்தில் எழுந்த மண்டபம் அது.

இந்தியாவிலிருந்து அந்த உலகுக்குள் நுழைந்தவர்கள் நிலை இதைவிடக் கடினம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு இந்தியாவில் சர்வர் இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணிக்குக் குழு கூடினால் சென்னையில் விடிகாலை ஐந்தரை, அங்கே குளிர்காலமென்றால் ஆறரை. மூன்று நான்கு மணி நேர ஆட்டம் முடியும்போது அலுவலகமும் பள்ளிக்கூடமும் தொடங்கியிருக்கும்.

உள்ளூரில் கதவு திறந்தது வேறொரு விளையாட்டு வழியாக. கொரியாவின் ராக்னராக் ஆன்லைனை 2000-களின் நடுவில் லெவல் அப் என்ற நிறுவனம் இந்தியாவுக்கென நடத்தியது. வீட்டில் கணினியும் பிராட்பேண்டும் எட்டாத பிள்ளைகளுக்கு ஆன்லைன் என்றாலே பிரவுசிங் சென்டர்தான். அங்கே காலத்தை அளந்தது கவுன்டர் அண்ணனின் நோட்டு. மணிக்கணக்கில் காசு, ‘டைம் முடிஞ்சிடுச்சு’ என்று குரல் வந்தால் எழுந்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அடங்குகிற கவுன்டர் ஸ்ட்ரைக் அந்த மேசைகளில் செழித்ததற்கு இது ஒரு வலுவான காரணம். ராக்னராக்கில் செத்தால் அந்த லெவலுக்குத் தேவையான புள்ளியில் ஒரு சதவீதம் போகும். மேல் லெவல்களில் அந்த ஒரு சதவீதம் பல மணி நேர உழைப்பு. பாஃபோமெட் என்ற பெரிய அரக்கன் கொல்லப்பட்டால் மறுபடி முளைக்க இரண்டு மணி நேரம் ஆகும். அவனிடமிருந்து அபூர்வக் கார்டு விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. கையில் கடிகாரத்தோடு நாள் முழுக்கக் காத்திருக்க முடிந்தவருக்கான ஆட்டம் அது. மணிக்குக் காசு கொடுக்கிறவனுக்கு அந்தக் காத்திருப்பே கட்டுப்படியாகாது.

பிறகு மின்வெட்டு வந்து குறுக்கே நின்றது. பேசின் பிரிட்ஜிலேயே 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி மின்நிலையம் 1996 முதல் இருக்கிறது. தேவை உச்சத்துக்குப் போகும் நேரங்களுக்கென்று கட்டியது. ஆனாலும் 2012 பிப்ரவரி கடைசியில் சென்னையின் தினசரி மின்வெட்டு ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமானது. மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. நாற்பது பேரோ இருபத்தைந்து பேரோ நம்பி நிற்கும் ஆட்டத்தில் ஒருவர் திரை திடீரென்று அணைந்தால் எல்லோரும் விழுவார்கள். அடுத்த முறை குழு அவரைக் கூப்பிடாது. யூபிஎஸ் வைத்திருப்பதும் ஒரு தகுதியாகிவிட்டது.

நாக்ஸ்ராமாஸ் கோட்டைக்குத் திரும்புவோம். பிளிஸார்ட் பாடம் படித்தது. 2007 ஜனவரியில் வந்த பர்னிங் க்ரூசேட் விரிவாக்கம் நாற்பதை இருபத்தைந்தாகக் குறைத்தது, பத்துப் பேருக்கென்று கராஸான் மாளிகையைத் தந்தது. 2008 நவம்பரில் வந்த அடுத்த விரிவாக்கத்தில் நாக்ஸ்ராமாஸே திரும்பி வந்தது. இம்முறை பத்துப் பேரும் போகலாம், இருபத்தைந்து பேரும் போகலாம், முன்னைவிட எளிது. பழைய வீரர்கள் இதைத் தங்கள் பதக்கத்தை உருக்கியதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. யாராலும் முடியாததை முடித்தோம் என்பதற்காகவே அவர்கள் அத்தனை இரவுகளைக் கொடுத்திருந்தார்கள்.

இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட விடை 2009 ஏப்ரலில் வந்தது. உல்டுவார் என்ற மலைநகரம். அதன் ஓர் அறையில் மிமிரான் என்ற குட்டி விஞ்ஞானி தான் செய்த இயந்திரங்களோடு காத்திருப்பான். அறையின் உள்கோடியில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அதைத் தொடாமல் சண்டையிட்டால் ஓரளவு பழகிய குழு ஜெயித்துவிடும். பொத்தானை அழுத்தினாலோ தன்னழிவுக் கடிகாரம் ஓடும், தரையெங்கும் தீ பரவும், இயந்திரங்கள் வெறிபிடித்துத் தாக்கும். முன்வாசல் சண்டையிலும் இதே மாதிரி. காவல் கோபுரங்கள் நாலு. அவற்றை இடித்துவிட்டுப் போனால் எளிது, ஒவ்வொன்றாக விட்டுவைத்தால் அவ்வளவு கடினம்.

எளிது, கடினம் என்று பட்டியலில் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. அறை அதே அறை, எதிரி அதே எதிரி. புதிதாக வந்தவருக்கும் பொத்தான் தெரியும், அதை அழுத்துகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அந்நகரின் மறைவான கடைசி எதிரி ஆல்கலான், இந்தக் கடின வழிகளை முடித்தவர்களுக்கு மட்டும் கிடைப்பவன். அவனோடு மோத வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் அனுமதி. வாரம் நாற்பது மணி நேரம் ஓய்வுள்ளவருக்கும் அதே ஒரு மணி. கூடுதல் பொழுது உள்ளவர் என்பதற்காக யாருக்கும் கூடுதல் வாய்ப்பு கிடையாது. உல்டுவாரை இன்றும் பலர் அந்த விளையாட்டின் உச்சம் என்று சொல்வதற்கு இதுவும் காரணம் என்றே தோன்றுகிறது.

அங்கேயே நின்றிருக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அடுத்த கட்டத்திலேயே கடினம் என்பது பட்டியலில் தட்டும் தேர்வாகிவிட்டது. பொத்தான்களும் கோபுரங்களும் போயின.

2010 டிசம்பரில் வந்த கேட்டக்ளிசம் விரிவாக்கம் ஐந்து பேர் குகைகளையே கடினமாக்கியது. புகார் குவிந்தபோது தலைமை வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிரெக் ஸ்ட்ரீட், குகைகள் கடினமாக இருப்பதில் தவறில்லை, ஆட்டக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற தொனியில் 2011 ஜனவரியில் நீண்ட கட்டுரை எழுதினார். 2010 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சமாக இருந்த சந்தாதாரர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு இலையுதிர்காலக் கணக்கில் 1 கோடியே 3 லட்சம் ஆனது. கடினம் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை, விளையாட்டுக்கும் ஆறு வயது முடிந்திருந்தது. நிறுவனமோ எதிர்த்திசையில் முழுமூச்சாக ஓடியது. 2011 நவம்பர் 29 முதல், ரெய்டு எனப்படும் பெருங்குழுச் சண்டைக்கு ஆள் சேர்க்கும் ரெய்டு ஃபைண்டர் வந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் முகம் தெரியாத இருபத்தைந்து பேரைக் கணினியே சேர்த்துக் கடைசி எதிரி வரை அழைத்துப் போகும். ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு முதன்முறையாகக் கதையின் முடிவு கிடைத்தது. அது பெரிய விஷயம், அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு இந்தத் தொடர் உடன்படாது. கூடவே ஒன்று போயிற்று. அந்த இருபத்தைந்து பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் வந்து, பேசாமல் போனார்கள். தேர்ந்தவர்கள் வேறு வாசலில் நுழைந்து வேறு அறையில் ஆடினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள யாரும் இல்லை.

கார்பைன் ஸ்டுடியோ இதற்கு நேர்மாறான வழியை நம்பியது. 2014 ஜூனில் வெளியான வைல்ட்ஸ்டார், ஹார்ட்கோர் ஆட்டக்காரர்களே எங்கள் மக்கள் என்று அறிவித்துக்கொண்டு நாற்பது பேர் ரெய்டையும், அதற்குள் நுழைய நீண்ட தகுதிச் சங்கிலியையும் திரும்பக் கொண்டுவந்தது. நாற்பது பேரைச் சேர்க்க முடியாமல் குழுக்கள் உடைந்தன. நாற்பது பின்னர் இருபதாக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் சந்தா எடுக்கப்பட்டு இலவசமானது. 2018 நவம்பரில் சர்வர்கள் அணைந்தன. உச்சியில் நிற்கிறவருக்கு அண்ணாந்து பார்க்கக் கீழே ஊர் வேண்டும் என்பதை அந்த ஸ்டுடியோ கணக்கில் எடுக்கவில்லை.

இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்தது ஜப்பானின் ஃபைனல் ஃபேண்டசி 14. 2010-ல் வந்து படுதோல்வி கண்ட அந்த விளையாட்டை நவோகி யோஷிடா பொறுப்பேற்று, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டி வெளியிட்டார். கதைக்கான சண்டைகள் எல்லோருக்கும். அதே எதிரிகள் சாவேஜ் என்ற பெயரில், கடும் வடிவில், விரும்புகிறவருக்கு. இதுவரை மற்றவர்கள் செய்ததுதான். யோஷிடா குழு கூடுதலாகச் செய்தது ரூலெட். தேர்ந்த ஆட்டக்காரர் தினமும் ஒருமுறை அதில் பதிந்தால், தொடக்கநிலைக் குகை ஒன்றில் புதியவர்களோடு சேர்த்துவிடும். அவருடைய வலிமை அந்தக் குகைக்கேற்பத் தானாகக் குறையும். குழுவில் யாராவது அந்தச் சண்டைக்கு முதன்முறை வந்தவர் என்றால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு. தெரியாதவன் வந்து கெடுக்கிறான் என்று முணுமுணுக்க வேண்டிய இடத்தில், புதுசா வந்திருக்கார் என்று சந்தோஷப்படக் காசுக்கணக்கில் ஒரு காரணம். ஆட அலுத்தால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டு ஆடுங்கள், புதிய பகுதி வந்ததும் திரும்புங்கள் என்று யோஷிடா பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லிவருகிறார்.

பிளிஸார்ட் 2019 ஆகஸ்டில் பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைக் கிளாசிக் என்ற பெயரில் அன்றிருந்தபடியே மீண்டும் திறந்தது. அன்று ஐந்து மாதம் தாக்குப்பிடித்த ராக்னரோஸ் இம்முறை ஒரு வாரத்துக்குள் விழுந்தான். 2020 டிசம்பரில் நாக்ஸ்ராமாஸ் திறந்த அன்றே முழுசாக வீழ்ந்தது. பதினாலு வருட அறிவு சேர்ந்திருந்தது, இணையம் வேகமாகியிருந்தது. முன்பு அந்தக் கோட்டையைக் காத்ததில் பெரும்பங்கு அறியாமைக்கும் நேரமின்மைக்கும் உண்டு என்பது தெரிந்துபோனது. கடினம் தேடியவர்கள் வேறெங்கோ போக வேண்டியிருந்தது. தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். ஒரே உயிர், செத்தால் போயிற்று. அந்த ஆட்டம் பரவியதும் 2023 ஆகஸ்டில் நிறுவனமே அதற்கென்று ஹார்ட்கோர் சர்வர்களைத் திறந்தது.

அங்கே இணைப்பு அறுந்து செத்தாலும் சாவு சாவுதான் என்பது சட்டம். 2025 மார்ச்சில், பிரபல ஸ்ட்ரீமர்களின் குழு ஒன்று ரெய்டில் இருந்தபோது சர்வர்மீது இணையத் தாக்குதல் நடந்து பலர் செத்தார்கள். அதன்பின் அப்படிப்பட்ட தாக்குதலில் கூட்டமாகச் செத்தவர்களை மட்டும் எங்கள் விருப்பப்படி உயிர்ப்பிப்போம் என்று பிளிஸார்ட் விதியைத் தளர்த்தியது. வீட்டில் கரண்ட் போய்ச் செத்தவருக்கு அந்தத் தளர்வு பொருந்தாது.

(தொடரும்)